நகைப்பும் நகையாடலும்: மீம்கள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

கைப்பேசித் திரையில் ஒரு படமும் ஓரிரு வரிகளுமாய்த் தோன்றி நொடிப்பொழுதில் பலரையும் சிரிக்க வைப்பனவற்றை ‘மீம்’ என வழங்குகிறோம். கைக்குக் கை பரவும் நகைச்சுவைக் காணொளிகளும் இவ்வினத்தனவே. இச்சொல்லைப் போலச் செய்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியினின்று 1976இல் படைத்தவர் ரிச்சர்டு டாக்கின்ஸ் என்னும் உயிரியல் அறிஞர். சொல் புதிது, அது எழுப்பும் நகை பழையது. அந்நகையின் எல்லை யாது என்பதை ஈண்டுக் காண்போம்.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைக்கின்றது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் அது தோன்றும் இடங்களாகக் கூறுகின்றது. இவற்றுள் மடன் என்பது கேட்டதனை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல். இவை தன்னிடத்தும் பிறரிடத்தும் தோன்றும் என்பர் உரையாசிரியர்.

இரு நிகழ்வுகள்

2019 மே மாதத்தில், முகநூல் பக்கம் ஒன்றில் சுத்தியலின் படத்தை இட்டு, இதன் பெயர் யாது எனக் கேட்டிருந்தனர். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு, இதனால்தான் ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலை உடைந்தது என்றும் எழுதினார். 2001இல் வெளிவந்த ‘ஃபிரண்ட்ஸ்’ திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரமே நேசமணி. அஃதறியாத அயலார் மெய்யாகவே நலம் வினவ, அவர் நலம்பெற வேண்டும் என்னும் விளையாட்டு வேண்டுதல் டுவிட்டர் வழியே உலகெங்கும் பரவிற்று. மடனிற் பிறந்த இந்நகையால் எவர் மனமும் புண்படவில்லை.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2002இல் பள்ளி மாணவர் ஒருவர், திரைப்பட வீரனைப் போலக் கோல் சுழற்றி விளையாடியதைத் தாமே படம் பிடித்தார். உடன்பயின்றோர் 2003இல் அதனை இணையத்திற் பரப்பினர். உலகம் சிரித்தது, அவரோ பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. இளமையிற் பிறந்த நகை எள்ளலாய் மாறியதன் விளைவு இது.

நம் பங்கு

மேடையிற் சொல் தடுமாறிய மாணவர் ஒருவரின் காணொளி ஒருமுறை நமக்கும் வந்தது. நாமும் சிரித்தோம்; நண்பர் ஒருவர்க்கும் அனுப்பினோம். அடுத்த பேச்சுப் போட்டிக்கு அம்மாணவர் பெயர் தரவில்லை என அறிந்தபோதே நம் பிழை விளங்கிற்று.

முடிவுரை

ஒருவரை ஒருவர் ஏளனம் செய்வதையும் இழிந்த பட்டப்பெயரால் அழைப்பதையும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் விலக்குகின்றது. நகைச்சுவையை எவரும் வெறுக்க வேண்டுவதில்லை. படத்தில் இருப்பவரும் நம்மோடு சேர்ந்து சிரிப்பாராயின் அது நகைப்பு. அவர் மட்டும் அழுவாராயின் அது நகையாடல். பிறர்க்கு அனுப்புமுன் மாணவச் செல்வங்களும் ஆசிரியராகிய நாமும் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்போமாக.