பெரிய எண்ணின் இயல்புகள்: கப்பல் எண்ணும் பொ.கா.பெ.யும்

மாணவர்களே, இரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் (பொ.கா.பெ.) காண்பதற்கு நீங்கள் அறிவீர்கள். அது 1 ஆக இருப்பதன் பயனைத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

சீனக்குடா மாவாலைக்குக் கோதுமை ஏற்றிவரும் பெரிய கப்பல்களில் ஐ.எம்.ஓ. என்பதை அடுத்து ஏழு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். சர்வதேச கடல்சார் அமைப்பு 1987 இல் ஏற்றுக்கொண்ட இம்முறை 1996 இல் கட்டாயமாக்கப்பட்டது. கப்பலின் பெயர், கொடி, உரிமையாளர் மாறினாலும் இவ்வெண் மாறாது. இதைப் பிரதி செய்கையில் ஏற்படும் பிழையைக் கண்டறிவதற்காகவே ஏழாம் இலக்கம் சேர்க்கப்பட்டுள்ளது.

முறை

முதல் ஆறு இலக்கங்களையும் முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுக. கூட்டுத்தொகையின் ஒன்றினிட இலக்கமே ஏழாம் இலக்கமாகும்.

எடுத்துக்காட்டு (பயிற்சிக்காக அமைத்த எண்): 9134268

9×7 + 1×6 + 3×5 + 4×4 + 2×3 + 6×2
= 63 + 6 + 15 + 16 + 6 + 12
= 118

ஒன்றினிட இலக்கம் 8. எனவே எண் சரியானது.

எந்தப் பிழை பிடிபடும்?

கூட்டுத்தொகை 10 இன் மடங்கால் மாறினால் ஒன்றினிட இலக்கம் மாறாது, பிழை தப்பிவிடும்.

(அ) முதலாம் இலக்கம் பிழைத்தால் மாற்றம் 7 இன் மடங்காகும். 7, 10 ஆகியவற்றின் பொ.கா.பெ. 1. ஆகவே 7×1 முதல் 7×9 வரை எதுவும் 10 இன் மடங்கன்று. பிழை கட்டாயம் பிடிபடும்.

(ஆ) மூன்றாம் இலக்கம் 3 ஐ 5 என எழுதினால் மாற்றம் 5×2 = 10. கூட்டுத்தொகை 128, ஒன்றினிட இலக்கம் மீண்டும் 8. பிழை தப்பிவிடும். காரணம், 5, 10 ஆகியவற்றின் பொ.கா.பெ. 5 ஆகும்.

(இ) முதல் ஆறு இலக்கங்களில் அடுத்தடுத்துள்ள, சமனற்ற இரண்டு இடம் மாறினால் மாற்றம் அவ்விரு இலக்கங்களின் வித்தியாசமே. அது 1 முதல் 9 வரையானது. எனவே பிழை பிடிபடும். 9132468 இன் கூட்டுத்தொகை 116 என்பதை அவதானிக்க.

கவனிக்க

ஓர் எண் 3 ஆலும் 4 ஆலும் வகுபட்டால் 12 ஆலும் வகுபடும்; 3, 4 ஆகியவற்றின் பொ.கா.பெ. 1. ஆனால் 2 ஆலும் 6 ஆலும் வகுபடும் எண் 12 ஆல் வகுபட வேண்டியதில்லை. உதாரணம்: 18. பலர் புள்ளியை இழப்பது இங்கேதான்.

பயிற்சி

1. 908642□ என்ற கப்பல் எண்ணின் ஏழாம் இலக்கம் யாது?
2. 9134268 இன் ஆறாம் இலக்கத்தை 1 என எழுதினால் பிழை பிடிபடுமா? காரணம் தருக.
3. வகுத்துப் பாராமல், 9134268 ஆனது 12 ஆல் வகுபடும் எனக் காட்டுக.

விடைகள்

1. கூட்டுத்தொகை 143, இலக்கம் 3.
2. பிடிபடாது. மாற்றம் 2×5 = 10.
3. இறுதி ஈரிலக்கம் 68, 4 ஆல் வகுபடும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 33, 3 ஆல் வகுபடும். 3, 4 ஆகியவற்றின் பொ.கா.பெ. 1. எனவே எண் 12 ஆல் வகுபடும்.

மூன்றாம் விடையில் பொ.கா.பெ. பற்றிய வரியை எழுத மறவாதீர்கள். அதுவே நிறுவலை முழுமையாக்குகிறது.