‘நோயை மறைத்தார்’ என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு வயது 63. திண்டுக்கல் பக்கம் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2018-ல் அவர் பெயரில் 3 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்து, ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்து வருகிறோம். 2022-ல் அதை 5 லட்சமாக உயர்த்தினோம். 2025 அக்டோபரில் மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கேஷ்லெஸ் கேட்டு விடிய விடியக் காத்திருந்தோம். காலையில் ‘இல்லை’ என்றார்கள். அம்மாவின் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் 3,40,000 ரூபாய் கட்டினோம். பிறகு பில்களை அனுப்பினால், ‘பத்து ஆண்டுகளாக பிரஷர் இருந்ததை மறைத்துப் பாலிசி எடுத்தார்’ என்று சொல்லி நிராகரித்துவிட்டார்கள். அப்பாவுக்கு பிரஷர் இருப்பதே 2020-ல்தான் தெரியும். கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை. ‘என்னைப் பொய்யன்னு எழுதிட்டாங்க’ என்று மட்டும் சொல்கிறார். செலவுக்குப் பயந்து மறுபரிசோதனைக்கு வர மறுக்கிறார். மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். இனி என்ன செய்ய முடியும்?
— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, பணத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். மாத்திரை விஷயம் இன்றே சரியாக வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் விட்டால், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி மறுபடியும் மாரடைப்பு வரலாம். பணம்தான் தடை என்றால் மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டினால் அங்கே பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஒரு கிளெய்ம் மறுக்கப்படும்போது நேரும் பெரிய சேதம் இதுதான். கடன் ஒரு பக்கம் இருக்க, நோயாளி தன் உயிரையே வீண் செலவாக நினைக்கத் தொடங்கிவிடுகிறார். நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

இனி கடிதத்துக்கு வருவோம். ‘பத்து ஆண்டு’ என்பது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கேஸ் ஷீட்டிலிருந்துதான் வரும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அவசரப் பிரிவில் கிடக்கிறார். ‘பிரஷர் இருக்கா? எத்தனை வருஷமா?’ என்று டியூட்டி டாக்டர் கேட்கிறார். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரோ, பதறி நிற்கும் உறவினரோ ‘ரொம்ப வருஷமா இருக்குங்க’ என்கிறார். அது தாளில் பத்து ஆண்டாக மாறுகிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கிளெய்மையே மூடுகிறார்கள். ஆனால் அந்த வரி மட்டும் ஆதாரமாகிவிடாது. 2018-க்கு முன்பே நோய் இருந்தது, அது அவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே சொல்லாமல் விட்டார் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். பழைய மருந்துச் சீட்டோ பரிசோதனை முடிவோ ஏதாவது அவர்கள் கையில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கேஸ் ஷீட்டின் முழு நகலையும் மருத்துவமனையிடம் கேட்டு வாங்குங்கள். 2020-ல் முதன்முதலாக பிரஷர் பார்த்துச் சொன்ன மருத்துவரின் சீட்டு இருந்தால் அதுவே உங்கள் பலம். சிகிச்சை செய்த இதய மருத்துவரிடம் நிலைமையைச் சொல்லி, நோய் எப்போது கண்டறியப்பட்டது என்று சான்று கேளுங்கள். நிறுவனம் அனுப்பிய விசாரணையாளர் யாராவது வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தத் தாளின் நகலும் வேண்டும்; படித்துப் பார்க்காமல் இனி எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களுக்குச் சாதகமான இன்னொரு விதி இருக்கிறது. ஒரு மருத்துவப் பாலிசி இடைவிடாமல் 60 மாதங்கள் ஓடிவிட்டால், ‘நோயைச் சொல்லவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இது 8 ஆண்டாக இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் 5 ஆண்டாகக் குறைத்தது. உங்கள் பாலிசி ஏழு ஆண்டைத் தொட்டுவிட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2022-ல் உயர்த்திய 2 லட்சத்துக்கு அந்த 60 மாதம் தனியாக, உயர்த்திய தேதியிலிருந்து எண்ணப்படும். ஆகவே முதல் 3 லட்சத்துக்கு இந்த விதியே கேடயம். மீதி 40,000 ரூபாய்க்குத்தான் 2020-ன் சீட்டை வைத்து வாதாட வேண்டியிருக்கும்.

அந்த இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கையே சொல்கிறது. எந்தக் கிளெய்மையும் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தக் குழு பார்த்ததா என்று உங்கள் புகாரில் கேளுங்கள்.

புகாரை முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலும் பதியலாம். 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை அணுகுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. திருப்தி இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே அங்கே வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுக்க மாட்டார். அதனால் இந்த வரிசை முக்கியம்.

உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றவர்கள் இருக்கிறார்கள். 2009-ல் அமெரிக்கா போன மன்மோகன் நந்தா என்பவருக்கு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே உடல்நிலை கெட்டு மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். நோயை மறைத்தார் என்று கிளெய்மை மறுத்தார்கள். 2021 டிசம்பரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவர் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதை முன்பே சொல்லியிருந்தார். அந்த வகையில் உங்கள் வழக்கு வேறு. ஆனாலும் பன்னிரண்டு ஆண்டு! எல்லோராலும் அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியுமா? பெரும்பாலோர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கடனை அடைக்கப் போய்விடுகிறார்கள். 2023-24 நிதியாண்டில் மட்டும் இந்திய நிறுவனங்கள் 15,100 கோடி ரூபாய் மதிப்பிலான மருத்துவக் கிளெய்ம்களை ஏற்காமல் விட்டன. அதில் நியாயமான மறுப்பும் இருக்கும். ஆனால் ஒரு கடைக்காரர் ஏழு ஆண்டு கட்டிய பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, அவர் படுக்கையில் விழுந்த பிறகு பழைய கதையைக் கிளறுவது அநியாயம். அப்படிச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அப்பாவிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவர் பொய்யர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை; பணம் தர வேண்டிய தரப்பு எழுதிய கடிதம் அது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படி ஒரு கடிதம் உங்கள் வீட்டிலும் இருந்தால் எடுத்துத் தேதியைப் பாருங்கள். நிறுவனம் உங்கள் புகாரை மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டு வரை குறைதீர்ப்பாளரிடமும், கிளெய்ம் மறுக்கப்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டு வரை நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். காலம் மிச்சமிருந்தால் இந்த வாரமே எழுதி அனுப்புங்கள்.