கல்லும் மழையும்
(எழும்பூர் அருங்காட்சியகத்தில் கற்ற வேதியியல்)

பழம்பொருள்களைக் காட்சிக்கு வைப்பதோடு அருங்காட்சியகத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. எதை வெயிலில் நிறுத்தலாம், எதைக் கூரையின்கீழ் காக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் அதன் பணியே. 1851-இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்தை எம் துறை மாணவர்களுடன் சுற்றிப் பார்த்தபோது இவ்வுண்மை எனக்கு விளங்கியது.

கருங்கல்: வளாகத்தின் திறந்த வெளியில் கற்சிற்பங்கள் நிற்கின்றன. கருங்கல்லில் மிகுந்திருப்பவை குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் ஆகும். மழைநீரின் மென்மையான அமிலம் இவற்றை எளிதில் கரைப்பதில்லை. எனவேதான் கருங்கற் சிலைகள் நூற்றாண்டுக் கணக்கில் மழையைத் தாங்குகின்றன.

சுண்ணாம்புக்கல்: உள்ளே உள்ள அமராவதிப் பௌத்தச் சிற்பங்களின் நிலை வேறு. பளிங்கு என்று வழங்கினாலும் அவை சுண்ணாம்புக்கல்லே. அதாவது கால்சியம் கார்பனேட். காற்றிலுள்ள கரியமில வாயு மழைநீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். முதலில் மறைவன நுண்ணிய வேலைப்பாடுகளே. 1845-இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்த அமராவதிக் கற்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டுப் பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் அவற்றுட் பல இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வெண்கலம்: நம் அம்பத்தூர், ஆவடி வழியே அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது திருவாலங்காடு. அவ்வூர் நடராசர் திருமேனி இங்குள்ள வெண்கலக் கூடத்தின் பெருமை. மண்ணிற் புதைந்த வெண்கலத்தில் உப்பின் குளோரைடு சேர்ந்துவிடும். பின்னர் ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் வெளிர்பச்சைப் பொடி பூத்து உலோகம் அரிக்கப்படும். இதற்கு 'வெண்கல நோய்' என்று பெயர். 1930-களில் இங்கு வேதியியலாராக விளங்கிய டாக்டர் எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையால் இத்தகைய படிமங்களைத் தூய்மை செய்தார். நாம் ஆய்வுக்கூடத்திற் செய்யும் மின்பகுப்பு, தெய்வத் திருமேனிகளுக்கு மருந்தாகியது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இப்பாடம் நம் ஊர்களுக்கும் உரியது. திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவை பல நூற்றாண்டு மழைக்கு அஞ்சாதவை. ஆனால் திருப்பணி என்ற பெயரில் எந்தக் கோயிற் சுவரிலேனும் விசையுடன் மணலைப் பீய்ச்சித் துலக்கினால், மழை அழிக்காத எழுத்தை மணல் ஒரே நாளில் அழித்துவிடும். கருங்கல்லுக்கும் காவல் வேண்டும். வேதியியல் பயிலும் நாம் அதை ஊராருக்கு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.