ஒரே நிரலில் ஓராயிரம் கோப்புறைகள்

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய கரிய எண்ணெய்க் குழம்பை வாளி வாளியாக மொண்டு எடுத்தார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. இப்படி நேரும்போதெல்லாம், ‘இதற்கு முன் இந்தக் கரை எப்படி இருந்தது?’ என்ற கேள்வி எழும். பழைய படங்கள் இருந்தால் பதில் சொல்லலாம். ஆனால் இடமும் தேதியும் தெரியாமல் அவை ஒரே குவியலாகக் கிடந்தால் என்ன பயன்?

உங்கள் அறிவியல் மன்றம் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய மூன்று கரைகளையும் 2025 முழுதும் நாள்தோறும் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். கணினியில் இடம், ஆண்டு, மாதம், நாள் என ஒன்றுக்குள் ஒன்றாகக் கோப்புறைகள் வேண்டும். இடத்துக்கு 3, ஆண்டுக்கு 3, மாதத்துக்கு 36, நாளுக்கு 1095. ஆக மொத்தம் 1137! ஒன்றுக்குப் பத்து விநாடி என்றாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கை சோர்ந்து தவறும் நேரும்.

இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கலாம். நிரலின் சாரம் இதுதான்:

ஒவ்வோர் இடத்துக்கும்
ஒவ்வொரு மாதத்துக்கும்
ஒவ்வொரு நாளுக்கும்
‘இடம்/2025/மாதம்/நாள்’ என்ற பாதையை உருவாக்கு

இங்கே ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் எவர்சில்வர் சம்படங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய சம்படம் இல்லாமல் சிறியதை எதற்குள் வைப்பது? ‘எண்ணூர்’ கோப்புறையே இல்லாதபோது ‘எண்ணூர்/2025/03/07’ கேட்டால், சாதாரணக் கட்டளை பிழை என்று சொல்லி நின்றுவிடும். பைத்தான் மொழியில் ‘மேக்டிர்ஸ்’ என்னும் செயற்கூறு வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக உண்டாக்கிக்கொண்டே போகும். லினக்ஸில் ‘எம்கேடிர்’ கட்டளையோடு ‘பி’ என்னும் குறியைச் சேர்த்தால் அதே வேலை நடக்கும். கோப்புறை ஏற்கெனவே இருந்தால், பைத்தானில் ‘இருந்தால் சரி’ என்றும் தனியே சொல்லவேண்டும். இல்லையேல் இரண்டாம் முறை ஓட்டும்போது பிழை காட்டும்.

மார்ச்சை 3 என்று எழுதாமல் ஏன் 03 என்று எழுதினோம்? எழுத்து வரிசைப்படி அடுக்கும் நிரல்களில் 1-க்கு அடுத்து 10, 11, 12 வந்து, அதன்பிறகே 2 வரும். முன்னால் ஒரு சுழியம் போட்டால் வரிசை குலையாது.

எல்லா மாதத்துக்கும் 31 நாள் என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் தவறு. அப்போது ஓர் இடத்துக்கு 365-க்குப் பதில் 372 கோப்புறைகள் முளைக்கும். பிப்ரவரி 30-கூட இருக்கும்! ஜனவரி 1-இல் தொடங்கி ஒவ்வொரு நாளாகக் கூட்டிச் செல்லும்படி எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆனாலும் 1095 நாள் கோப்புறைகளையும் முன்கூட்டியே உண்டாக்குவதை நான் விரும்பமாட்டேன். வெற்றுக் கோப்புறையைப் பார்ப்பவருக்கு, அன்று படம் எடுக்கவில்லையா, எடுத்தது தொலைந்ததா என்று தெரியாது. படம் வந்த அன்று, அதன் தேதிக்கு மட்டும் நிரல் பாதை அமைக்கட்டும்.

முதலில் எண்ணூர், பிப்ரவரி மாதம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘உருவாக்கு’ என்ற இடத்தில் ‘திரையில் காட்டு’ என்று எழுதி ஓட்டுங்கள். 28 வரிகள் வருகின்றனவா?