பொருநை வகுத்த ஒன்பது கயிலாயம்

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலுக்கு அருகே கடலொடு கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கி.மீ. நீளமே உடையது. பண்டையோர் இதனைத் தண்பொருநை என்றனர். பிறப்பிடமும் முகத்துவாரமும் தமிழ்நாட்டிலேயே அமைந்த வற்றாத ஆறு இது.

முத்தி வேண்டிய உரோமச முனிவர்க்காக, அவர்தம் ஆசிரியராகிய அகத்தியர் ஒன்பது மலர்களை இவ்வாற்றில் விட்டு, அவை ஒதுங்கும் இடந்தோறும் சிவபெருமானை வழிபடப் பணித்தார் என்பது மரபு. அவ்விடங்களே நவகயிலாயங்கள். விரைந்தோடும் நீரில் மலர் ஒதுங்காது. ஆறு வளையுமிடத்தும் வேகம் தளருமிடத்துமே கரை சேரும். படித்துறையும் ஊரும் அமைதற்கு உரிய இடங்களும் அவையே அன்றோ! ஆதலின் இவ்வரலாறு ஆற்றின் போக்கையும் உடன் உணர்த்துகின்றது.

முதற்றலம் பாபநாசம், மலையினின்று ஆறு சமநிலத்தில் இறங்குமிடம். இங்கு நீராடுவோர் உடுத்த ஆடையை ஆற்றில் விட்டால் பாவம் நீங்கும் எனக் கருதி விடுகின்றனர். மலரைக் கொண்டுசெல்லும் நீர் அக்கந்தலையும் கீழ்க்கரை ஊர்களுக்கே கொண்டுசெல்கின்றது. அவ்வூரார் அந்நீரையே பருகுகின்றனர்.

மணிமுத்தாறும் கடனா நதியும் வந்து கூடியபின் சேரன்மகாதேவி. அதன்பின் கோடகநல்லூர், குன்னத்தூர். திருநெல்வேலி நகரம் இவ்வொன்பதனுள் அடங்காது. நெல்லையப்பர் திருக்கோயில் ஆற்றைவிட்டுச் சற்று விலகியே உளது. குறுக்குத்துறை முருகன் கோயிலோ ஆற்றினுள்ளேயே நிற்கின்றது. வெள்ளம் பெருகுங்கால் உற்சவமூர்த்தி மேலக்கோயிலுக்கு எழுந்தருளுவார். எதிர்க்கரைப் பாளையங்கோட்டையை நகரோடு இணைத்த சுலோசன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது.

முக்கூடற் பள்ளால் புகழ்பெற்ற சீவலப்பேரியில் சிற்றாறு கலந்தபின், முறப்பநாட்டில் ஆறு வடக்கு நோக்கித் திரும்புகின்றது. காசியில் கங்கையும் அவ்வாறே ஓடுதலின், இத்துறை நீராடற்குச் சிறந்ததாகப் போற்றப்படும்.

அடுத்தது திருவைகுண்டம். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுள் இறுதியானது இங்குளது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையில் இவ்வூரைச் சுற்றிலும் வெள்ளம் சூழ்ந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தென்திருப்பேரைக்கு அடுத்த இராஜபதியில் பழைய கோயில் முன்னொரு காலத்து வெள்ளத்தில் அழிந்துபோக, அண்மைக்காலத்தில் புதிய கோயில் எழுந்தது. மலர் ஒதுங்கிய கரையும் நிலைத்த கரையன்று.

இறுதி மலர் சேர்ந்த இடம் சேர்ந்தபூமங்கலம். அதற்கு அண்மையிலுள்ள கொற்கை, சங்ககாலத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகம். பொருநை ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்க, வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டது அக்காயலையே. பின்னர் அதுவும் தூர்ந்தது. முன்னாளில் கலங்கள் நின்ற கொற்கையில் இன்று காணப்படுவன வயல்களும் வாழைத்தோட்டங்களுமே.