கரையோடு ஒரு சைக்கிள் பயணம்

தஞ்சாவூருக்கும் திருவையாற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அதற்குள் ஐந்து ஆறுகள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. பேருந்தில் போகிறவருக்கு இவை ஐந்து பாலங்கள். சைக்கிளில் போகிறவருக்குப் பத்துக் கரைகள். பாலத்தின் மேல் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு பறக்கும். பாலத்துக்கு முன் இடமோ வலமோ திரும்பிக் கரையில் இறங்கிவிட்டால் அந்தச் சத்தம் சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும்.

சைக்கிளுக்கென்று டெல்டாவில் யாரும் பாதை போட்டுவைக்கவில்லை. கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அவற்றில் சில மேலும் கிளைத்து வாய்க்கால்களாகி வயலுக்குப் போகின்றன. இவற்றின் கரைகளைக் காவல் காக்கவும் உடைப்பெடுத்தால் ஆளும் மண்ணும் கொண்டுபோகவும் வழி வேண்டியிருந்தது. அப்படி உண்டான பாதைகளில் சில இன்று தார்ச்சாலை, சில கப்பி ரோடு, மீதி வெறும் வண்டித்தடம். தண்ணீர் தானாக ஓடும் அளவுக்கே நிலத்தில் சரிவு என்பதால், ஏற்றம் என்று சொல்லப் பாலங்களின் முதுகு மட்டும்தான்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதம். டெல்டாவில் ஒரு சாலை அமைதியாக இருக்குமா என்பதை அதன் அகலத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பக்கத்து வயலில் பயிர் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பயிருக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும். பொங்கல் கழிந்து சம்பா அறுவடை சூடுபிடித்ததும், டிசம்பரில் ஆள் அரவமில்லாமல் கிடந்த அதே சாலையில் அறுவடை இயந்திரங்கள் ஊர்ந்து வரும், டிராக்டர்கள் நெல் ஏற்றிக்கொண்டு ஓடும். கொள்முதல் நிலையம் உள்ள ஊர்களில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். சாலையில் பாதியை நெல்லும் வைக்கோலும் பிடித்துக்கொள்ளும்.

அக்டோபர், நவம்பரில் மழை. கரை மண் சேறாகிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். சித்திரை, வைகாசி வெயிலைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எஞ்சும் காலத்தில் சிறந்தது மார்கழி: டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை. ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கும், பத்து மணி வரை வெயில் உறைக்காது. மழை முழுதும் விட்டுவிட்டதா என்று மட்டும் வானிலை அறிக்கையில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. மார்கழியில் விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கிகள் விழித்துக்கொள்ளும். இந்தக் கட்டுரை உத்தரவாதம் தருவது வண்டிச் சத்தம் இராது என்பதற்கு மட்டுமே.

வெயில் பழகிய உடம்பு என்றால் ஆடி, ஆவணியிலும் போகலாம். ஆற்றில் புதுத் தண்ணீர் ஓடும். மேல்காற்று திருச்சியிலிருந்து கிழக்கே போகிறவரைத் தள்ளிவிடும். மார்கழியில் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும் என்பதால், கிழக்கே போக வேண்டிய தூரத்தைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.

அடுத்தது வரைபடம். கைபேசியில் வழி கேட்டால், பைக்குக்கு என்று சொன்னாலும், அது விரைவான சாலைக்கே இழுக்கும். அதனால் வழி கேட்காமல் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஆற்றைப் பிடித்து, அதன் இரு பக்கமும் கூடவே ஓடும் மெல்லிய கோட்டைத் தேட வேண்டும். அந்தக் கோடு ஒரு பாலத்திலோ ஊரிலோ போய்ச் சேர்ந்தால் வழி உண்டு. வயலுக்குள் போய் மறைந்துவிட்டால் அதை விட்டுவிடலாம். பாலங்களையெல்லாம் குறித்துக்கொண்டால் கரை மாற வேண்டிய இடங்கள் தெரிந்துவிடும். ஒரு கரை மோசமானால் அடுத்த பாலத்தில் மறுகரைக்குத் தாவலாம். போன கரையிலேயே திரும்பி வரவும் வேண்டாம்.

சந்தேகமான சாலைக்குப் பேருந்தை வைத்து ஒரு சோதனை. வெளியூர்ப் பேருந்து ஓடும் சாலையை முடிந்தவரை குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்த வேண்டும். டவுன் பஸ் மட்டும் வரும் சாலை பரவாயில்லை. மினி பஸ்ஸோடு நின்றுவிடும் சாலை, அல்லது பேருந்தே எட்டிப் பார்க்காத சாலைதான் தேடிவந்த சாலை. இந்தக் கணக்கில் தஞ்சாவூர்–கும்பகோணம் பிரதான சாலை முதல் சுற்றிலேயே தோற்றுவிடும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. மேடு இல்லாத ஊரில் 21 கியர் அலங்காரத்துக்குத்தான். டயரில்தான் கவனம் வேண்டும். பந்தய சைக்கிளின் ஒல்லி டயர் கப்பி ரோட்டில் படாதபாடு படும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலம் நல்லது. அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில்தான் இங்கே எத்தனையோ மாணவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள், ஆகவே பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் டியூப் வெளிநாட்டு மாதிரி சைக்கிளுக்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது. சொந்த அளவில் இரண்டு டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், ஒட்டும் பேட்ச், சிறு பம்ப் ஆகியவை பையிலேயே இருக்கட்டும். மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த வால்வு என்றால் எந்த பஞ்சர் கடைக் காற்று இயந்திரத்திலும் நிரப்பலாம். ஒல்லி வால்வு என்றால், அதன் தலையில் திருகும் சின்னப் பித்தளை மூடி ஒன்று வேண்டும். இயந்திரக் காற்றை விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்ல வேண்டும். அது லாரி டயருக்குப் பழகிய இயந்திரம்.

பஞ்சருக்கு முக்கியக் காரணம் சீமைக் கருவேல முள். பஞ்சரானதும் டியூப்பை மாற்றிவிட்டு உடனே கிளம்பினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி இறங்க நேரிடும், ஏனென்றால் முள் இன்னும் டயருக்குள் இருக்கும். டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவி, முனை தட்டுப்படும் இடத்தைக் கண்டு, முள்ளை வெளிப்பக்கமாகப் பிடுங்கிய பிறகே புது டியூப்பைப் போட வேண்டும்.

முதல்முறை போகிறவர்கள் கும்பகோணத்தில் அறை எடுத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிப் பார்ப்பது உசிதம்; கிராமங்களில் தங்கும் விடுதி அரிது. காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கும் ஊர் அது, எந்தப் பக்கம் போனாலும் ஒரு கரை கிடைக்கும். விடியற்காலை கிளம்பித் தாராசுரம் போனால், இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயிலின் சிற்பங்களை இளவெயிலில் பார்க்கலாம். அங்கிருந்து தெற்கே பட்டீஸ்வரம், பக்கத்தில் ஒரு காலத்தில் சோழர் தலைநகராக இருந்த பழையாறை. அரண்மனையைத் தேட வேண்டாம், இப்போது வயலும் தென்னையும்தான். பிறகு வடக்கே திரும்பித் திருவலஞ்சுழியில் பிரதான சாலையைக் குறுக்கே கடந்தால் சுவாமிமலை. வண்டல் மண்ணில் அச்சு எடுத்து வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறைகள் இங்கே உண்டு. உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். காவிரிக் கரையோடு கும்பகோணம் திரும்பினால் மொத்தம் 25 முதல் 30 கிலோமீட்டர். மதியத்துக்குள் முடிந்துவிடும். இது உடம்புக்கு ஒத்துக்கொண்டால் நாளுக்கு 45 கிலோமீட்டர் என்று திட்டமிடலாம்.

வழியில் விசாரிப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ‘நல்ல ரோடு எது?’ என்று கேட்டால், அன்பின் மிகுதியால் பேருந்துச் சாலைக்கே அனுப்பிவைப்பார்கள். ‘அண்ணே, கரை மேலேயே போனா அடுத்த பாலம் எங்கண்ணே வரும்? சைக்கிள் போகுமா?’ என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். ‘இந்தா, பக்கத்துலதான்’ என்று சொன்னால் மூன்று கிலோமீட்டருக்குத் தயாராக இருப்பது புத்திசாலித்தனம்.

காயும் நெல்லின் மேல் சக்கரத்தை ஏற்றக் கூடாது. அது ஒருவருடைய ஒரு போகத்து உழைப்பு. இடமில்லாவிட்டால் இறங்கித் தள்ளிப் போகலாம். வைக்கோல் பரப்பியிருந்தாலும் இறங்குவதே மேல், பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்க அரைமணி ஆகும். படித்துறைகளில் பெண்கள் குளித்துக்கொண்டிருக்கும் நேரம் காலையும் மாலையும். கேமரா பையிலேயே இருக்கட்டும், வண்டி நிற்காமல் போகட்டும். ஆற்றில் இறங்கிக் குளிக்கும் ஆசையை அடக்க வேண்டும்: மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து தெரியாது, மேலே ஷட்டர் திறந்தால் நீர்மட்டம் சட்டென்று உயரும். கரைக்குத் தடுப்புச்சுவர் கிடையாது என்பதால் இருட்டுவதற்குள் ஊர் சேர்ந்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. எட்டு மணிக்குள் எந்தச் சிற்றூரிலும் இட்லி கிடைக்கும்; பத்துக்கு மேல் டீக்கடையும் வடையும்தான். திருவையாற்றில் பாசிப்பருப்பில் கிண்டும் அசோகா இருக்கிறது. நூறு கிராமோடு நிறுத்திக்கொண்டால் பிற்பகலிலும் பெடல் மிதிக்க முடியும்.

நீண்ட பயணத்துக்கு ஆசைப்பட்டால் ஆற்றோடு கடல் வரை போகலாம். முதல் நாள் திருச்சியிலிருந்து கல்லணை, குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளி, அங்கிருந்து திருவையாறு. அறை கிடைக்காவிட்டால் தஞ்சாவூர். ஜனவரியில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாற்றுப் பக்கம் நெரிசல் என்பதால் அந்தத் தேதிகளைத் தவிர்க்க வேண்டும். இரண்டாம் நாள் கும்பகோணம். வழியில் பசுபதிகோவில் அருகே குடமுருட்டிக் கரையில் இருக்கும் புள்ளமங்கைக் கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். முதலாம் பராந்தகன் காலத்துச் சிற்பங்கள், கூட்டம் கிடையாது. மூன்றாம் நாள் மயிலாடுதுறை, நான்காம் நாள் பூம்புகார் போய்விட்டு மயிலாடுதுறைக்கே திரும்பிவிட வேண்டும்.

அங்கிருந்து ரயில். சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற முடியாது, பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து சரக்குப் பெட்டியில் அனுப்ப வேண்டும். எல்லா ரயிலிலும், எல்லா நிலையத்திலும் ஏற்ற மாட்டார்கள் என்பதால் முந்தைய நாளே போய் எந்த வண்டி, எத்தனை மணிக்குள் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, விளக்கு, பாட்டில், பம்ப் எல்லாவற்றையும் கைப்பைக்கு மாற்றிவிட வேண்டும். பெயரும் இறங்கும் நிலையமும் எழுதிய அட்டைகள் இரண்டை ஃபிரேமில் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்தினால், இறங்கும் இடத்தில் சைக்கிளை வாங்குவதில் சிக்கல் இராது.