தெரிந்து கொள்வோம்: 1990 பெங்களூர் விமான விபத்து

நம்ம ஊர்ப் பக்கமிருந்து எத்தனையோ பேர் பெங்களூருக்கு வேலைக்குப் போறாங்க. அங்கே நடந்த ஒரு விமான விபத்தையும், அதன் காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் பற்றி எழுதுகிறேன்.

என்ன நடந்தது?
1990 பிப்ரவரி 14, மதியம் சுமார் 1 மணி. பம்பாயிலிருந்து இந்தியன் ஏர்லைன்ஸ் 605 விமானம் 146 பேருடன் வந்தது. ஏர்பஸ் ஏ320 வகை; வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புது விமானம். வானிலையும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுபாதைக்குச் சுமார் 700 மீட்டர் முன்னாடியே, கோல்ஃப் மைதானத்தில் மோதித் தீப்பிடித்தது. 92 பேர் இறந்தார்கள். 54 பேர் பிழைத்தார்கள்.

யார் சாட்சி?
விமானிகள் இருவருமே இறந்துவிட்டார்கள். அதனால் கருப்புப் பெட்டிதான் சாட்சி. (பேர்தான் கருப்பு, நிறம் ஆரஞ்சு!) விமானத்தின் வேகம், உயரம், விமானிகளின் பேச்சு எல்லாம் அதில் பதிவாகும். நீதிபதி சிவசங்கர் பட் தலைமையில் விசாரணை நடந்தது.

காரணம் என்ன?
நிமிடத்துக்கு 700 அடி வீதம் இறங்கணும் என்பது விமானிகளின் எண்ணம். இறங்கும் வேகத்துக்கு ஒரு குமிழ், உயரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு குமிழ். வேகக் குமிழுக்குப் பதில் உயரக் குமிழைத் திருப்பியிருக்கலாம் என்று விசாரணையில் கருதினார்கள். பெங்களூரின் தரையே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரம். 700 அடி உயரத்துக்குப் போ என்றால் விமானம் எங்கே போகும்? எஞ்சின் விசை குறைந்த நிலையிலேயே இறங்கிக்கொண்டே வந்தது. வேகம் குறையக் குறைய, இறக்கை தூக்கும் விசையும் குறைந்தது. கடைசியில் விசையைக் கூட்டினார்கள். ஆனால் ஜெட் எஞ்சின் முழு விசைக்கு வரச் சில நொடி ஆகும். அந்த நொடிகள் இல்லாமல் போச்சு.

நமக்கு என்ன பாடம்?
விமானிகள் வேகத்தைக் கவனிக்கவில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் அதோடு விட்டுவிடாமல், பயிற்சியில் என்ன மாறணும் என்றும் சொன்னது. நம்ம தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால், "டிரைவர் தூங்கிட்டான்" என்று டீக்கடையில் ஒரே வரியில் முடிச்சுடறாங்க. சரிவு எவ்வளவு, பிரேக் ஏன் பிடிக்கலை, பாரம் எவ்வளவு என்றும் கேட்கணும். யார் மேல தப்பு என்பதைவிட, ஏன் நடந்தது என்ற கேள்விதான் அடுத்து வருபவரின் உயிரைக் காப்பாற்றும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி